தூத்துக்குடி பஸ்ஸுக்கு ஒரு முயல்கண் பழம்

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்கு டி.சி.யோடு ஒரு புளூபெர்ரிக் கன்றும் கொடுப்பார்கள். அது காய்த்துப் பழுத்த பிறகுதான் வெளியூர் பஸ்ஸில் ஏற முடியும். கண்டக்டர் கையை நீட்டுவார். பழத்தை வைக்க வேண்டும். அவர் அதை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு டிக்கெட் கிழிப்பார். படித்து முடித்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. மார்க் ஷீட்டைக் காட்டினால் போதும்.

நான் பதினொன்றாம் வகுப்பில் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பிடிக்கவில்லை. பின்னால் கண்ணீர்க் கதை எதுவும் கிடையாது. ஒரே இடத்தில் ஐந்து பீரியட் உட்கார என்னால் ஆகவில்லை. என் கால் ஆடும். அதனால் பெஞ்சு ஆடும். பெஞ்சில் இருக்கும் மற்ற நாலு பேரும் ஆடுவார்கள். டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஹெட்மாஸ்டர் டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். மேஜைக்கு அடியிலிருந்து கறுப்புப் பையில் இருந்த கன்றை எடுத்து வைத்தார். பையில் முனி என்று என் பெயர் எழுதியிருந்தது. கன்றுக்கும் அதுதான் பெயர்.

“எத்தனை நாள்ல சார் பழுக்கும்?”

“முயல்கண் ஜாதி. பிரீமியர்னு ரகம். இருக்கறதுலயே முந்திப் பூக்கறது. உன்னை மாதிரி அவசரக்காரிக்குன்னே...”

“சார், நாள் கேட்டேன்.”

“குளிர் கிடைச்சா அடுத்த ஜூன்.”

“கிடைக்கலேன்னா?”

“அதுக்கு அடுத்த ஜூன். கையெழுத்தைப் போடு.”

எனக்கு அடுத்த ஜூன்தான் வேண்டும். தூத்துக்குடியில் துறைமுகத்துப் பக்கம் கிரேன் ஓட்டப் பழக்கும் இடம் ஒன்றில் சேரச் சொல்லியிருந்தார்கள். ஜூன் பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் போய் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் இடம் வேறு ஆளுக்கு. அறுபது அடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், கை இரண்டுக்கும் கால் இரண்டுக்கும் வேலை. இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை.

பஸ் இல்லாமல் நடந்தே போகலாமே என்று தோன்றும். போனவர்கள் உண்டு. என் மாமா மகன் மதுரை வரை நடந்தான். அங்கே அவன் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்று டீ கேட்டிருக்கிறான். அவன் வழியாகவே கையை நீட்டி மற்றவர்கள் கிளாஸை வாங்கிக் குடித்திருக்கிறார்கள். இரண்டு நாளில் திரும்பி வந்து பதினாலு இட்லி சாப்பிட்டான்.

எங்கள் ஊர் கரிசல். பருத்தி விளையும், கம்பு விளையும். புளூபெர்ரிக்கு அந்த மண் ஆகாது. அதற்குப் புளித்த மண் வேண்டும். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போர்மேனிடம் கேட்டு ஒரு டப்பாவில் கந்தகம் வாங்கி வந்தாள். கொல்லையில் முழங்கால் ஆழம் தோண்டி, கரிசலை அள்ளி வெளியே கொட்டி, தென்னைநார்க் கழிவும் மணலும் கந்தகமும் கலந்து நிரப்பினோம். தண்ணீர் தேங்காமல் மேடு கட்டினோம். வேர் மேலாகவே ஓடும், கொத்தக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் கொடுத்த தாளில் இருந்தது. போர்த் தண்ணீர் உப்பு. மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றினேன்.

“பக்கத்துல தீக்குச்சி உரசிராதடி,” என்றாள் அம்மா. “மண்ணு பத்திக்கிரும்.”

“நான் எதுக்கு உரசப் போறேன்?”

“நீ சும்மா இருக்க மாட்டியே.”

அடுத்தது குளிர். ஏழு டிகிரிக்குக் கீழே நானூற்றைம்பது மணி நேரம் கிடைத்தால்தான் இந்தச் செடி பூக்கும். எங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூட இருபதுக்குக் கீழே போகாது. ஆகவே செடிக்குப் பதிலாகச் செடியின் பெயர்க்காரர் போய்க் குளிரில் உட்கார வேண்டும். மிளகாய் மூட்டை அடுக்கும் குளிர்பதனக் கிடங்கில் அதற்கென்று ஒரு பெஞ்சு உண்டு. ஆள் கிடங்கில் இருக்கும் நேரத்தில் செடி வீட்டில் ஆளாக இருக்கும். வீட்டில் ஒரு ஆள் குறையக் கூடாது இல்லையா?

மார்கழி முதல் தேதி போனேன். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. அம்மா என் போர்வையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் திரும்பி வந்ததும், “இன்னைக்கு முனி எதிர்த்துப் பேசவே இல்லை,” என்றாள். பொங்கலுக்குச் சித்தி வந்திருந்தபோது நான் கிடங்கில் இருந்தேன். சித்தி செடியைப் பார்த்து, “நல்லா வளத்தியாயிட்டாளே, நிறம்தான் கொஞ்சம் மட்டு,” என்று சொல்லி, கிளையில் இருநூறு ரூபாயைச் சொருகிவிட்டுப் போனாள்.

கிடங்குப் பெஞ்சில் எனக்கு முன்பே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் அக்கா. கீழத் தெரு. எட்டாம் வகுப்பில் நின்றவள். இந்தப் பெஞ்சுக்கு வர ஆரம்பித்து முப்பத்து மூன்று வருடம் ஆகிறது.

“உங்களுக்கு இன்னுமா நானூத்தம்பது மணி முடியல?”

“வருசா வருசம் முடியுது. வருசா வருசம் பூக்குது. காய்க்கத்தான் மாட்டேங்குது.”

விஷயம் இதுதான். முயல்கண் செடி தனியாகக் காய்க்காது. வேறு ரகச் செடி ஒன்று அதே வாரத்தில் பூத்து, அதன் மகரந்தம் வர வேண்டும். அக்காவின் செடி கிளைமாக்ஸ் என்ற ரகம். அதுவும் முந்திப் பூப்பது. ஊரில் மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் பிந்திப் பூப்பவை. அவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து காய்த்து, திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். அக்காவின் பூக்கள் முப்பத்து மூன்று தடவை யாருக்கும் இல்லாமல் உதிர்ந்தன.

“உன்னுது என்ன ரகம்?” என்று கேட்டாள்.

“பிரீமியர்.”

அக்கா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அய்யலுசாமி அண்ணாச்சி கிடங்கின் மேற்பார்வை. ஒவ்வொரு மணிக்கும் வந்து எங்கள் உள்ளங்கையில் வெப்பமானியை வைப்பார். ஏழுக்குக் கீழே இருந்தால் அந்த மணி செடிக்குப் போகும். மேலே இருந்தால் போகாது. அக்காவின் கை எப்போதும் நாலு. என் கை பதினொன்று, பன்னிரண்டு. ஒரு நாள் பதினெட்டு காட்டியது.

“என்ன பிள்ளை, உள்ள அடுப்பு கிடுப்பு வச்சிருக்கியா?”

“இல்ல அண்ணாச்சி. கால் ஆடுது.”

“ஆட்டாத.”

“நான் ஆட்டல. அதுவா ஆடுது.”

கால் ஆடினால் சூடு வரும். மிளகாய் நெடிக்குத் தும்மினாலும் வரும், ஒரு தும்மலுக்கு ஒரு டிகிரி. ‘எப்போது முடியும்’ என்று நினைத்தாலே அரை டிகிரி ஏறியது. நான் அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. முதல் பத்து நாளில் நூறு மணி உட்கார்ந்தேன். செடிக்குப் போனது ஆறு மணி. வீட்டுக்கு வந்து பார்த்தால் செடி பச்சைப் பசேலென்று தூக்கமே வராதது போல நின்றது.

பதினோராவது நாள் அக்கா ஒரு மூட்டையிலிருந்து சணலை உருவினாள். குனிந்து என் வலது காலையும் அவளுடைய இடது காலையும் சேர்த்துக் கட்டினாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“நீ ஆட்டினா இனி என் காலையும் சேத்துத்தான் ஆட்டணும். என் கால் அம்பது கிலோ இருக்கும். ஆட்டு பார்க்கலாம்.”

ஆட்ட முடியவில்லை. எரிச்சலாக இருந்தது. அரை மணியில் அவளுடைய குளிர் கணுக்கால் வழியாக ஏறி என் முழங்காலுக்கு வந்தது. மதியத்துக்குள் இடுப்பு. அண்ணாச்சி கையில் வைத்துப் பார்த்தார். ஆறு. வெப்பமானியை உதறி இன்னொரு தடவை வைத்தார். ஆறுதான்.

இப்படியே தை முழுக்க. மூத்திரம் போவதென்றால்கூட இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுந்திருக்க வேண்டும். நான் நூறு தடவை “அவுத்து விடுங்கக்கா” என்றேன். அவள் நூறு தடவை “இந்தா, இந்த மணி போகட்டும்” என்றாள். வெளியே போய் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“கடலைப் பாக்கணும்.”

“அவ்வளவுதானா? முப்பத்து மூணு வருசம் அதுக்கா?”

“மொதல்ல வேற என்னென்னமோ இருந்துச்சு. ஒவ்வொண்ணா மறந்துபோச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஒருத்தி இவ்வளவு பொறுமையாக இருக்கக் கூடாது. அன்று மூன்று மணிகள் எனக்குச் சேரவில்லை.

மாசி பிறந்து நாலாவது நாள் நானூற்றைம்பது முடிந்தது. அண்ணாச்சி கத்தியால் சணலை அறுத்தார். எட்டு நாளில் என் செடி பூத்தது, சின்னச் சின்ன வெள்ளைச் செம்புகளைக் கவிழ்த்து வைத்தது போல. அதே வாரம் கீழத் தெருவில் அக்காவின் செடியும் பூத்தது. எங்கள் ஊரில் தேனீ கிடையாது. தீப்பெட்டி மருந்து வாசனைக்கு வராது. இந்தப் பூ சும்மா தொட்டால் மகரந்தம் கொடுக்காது, அதிர வேண்டும். அக்கா தன் செடியிலிருந்து ஒரு பூங்கொத்தை ஒடித்துத் தண்ணீர் செம்பில் வைத்துக் கொண்டுவந்தாள். என் செடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இப்ப ஆட்டு.”

மேட்டில் உட்கார்ந்து காலை ஆட்டினேன். இரண்டு மாதம் கட்டிக் கிடந்த கால். கொல்லை முழுக்க அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள் பேசிக்கொண்டன. அம்மா உள்ளிருந்து, “காலை ஆட்டாதடி, குடும்பத்துக்கு ஆகாது!” என்று கத்தினாள். மகரந்தம் மாவு போல இறங்கியது. பிறகு கீழத் தெருவுக்குப் போய் அங்கேயும் ஆட்டிவிட்டு வந்தேன்.

என் செடியில் மூன்று காய். அவளுடையதில் ஒன்று.

சித்திரையில் காய்கள் பச்சையாக இருந்தன. வைகாசியில் சிவந்தன. வெள்ளை முயலின் கண் எப்படி இருக்குமோ அப்படி. அந்தப் பருவத்தில் அவை பார்க்கும். நான் கொல்லையில் எங்கே போனாலும் மூன்றும் என் பக்கம் திரும்பின. “சீக்கிரம்,” என்று அவற்றிடம் சொல்வேன். பார்த்துக்கொண்டே இருக்கும். ஜூன் முதல் தேதி மூன்றும் நீலமாகிக் கண்ணை மூடிக்கொண்டன.

நீலமான பிறகும் பத்து நாள் செடியிலேயே விட வேண்டும் என்று தாளில் இருந்தது. அப்போதுதான் புளிப்பு இறங்கும். பத்து நாளை எண்ணினால் சரியாகப் பத்தாம் தேதி விடிந்துவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலாம் தேதி ஒன்றைப் பறித்தேன். காரணம் கேட்டால் பழைய பதில்தான்.

கண்டக்டர் மென்றார். ஒரு கண் சுருங்கியது. “புளிக்குது. இதுக்கு விலக்கு வரைக்கும்தான் தர முடியும்.”

விலக்கு என்பது எங்கள் ஊர்ச் சாலை நாலுவழிச் சாலையில் சேரும் இடம். ஒன்பது கிலோமீட்டர். இறங்கி டீக்கடையில் நின்றேன். கடைக்காரருக்கு நான் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரிந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னொரு ஆள் வந்து என் மடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். அவன் விளையாட்டுப் பக்கத்தை முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வெயிலில் நடந்தே திரும்பினேன்.

வீட்டில் அக்கா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பழைய கொசுவலை.

“என் பழத்தை மைனா தின்னுருச்சு,” என்றாள். “உனக்காவது வலை கட்டலாம்னு வந்தேன்.”

“எப்போ?”

“காலையில. தின்னுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போச்சு. ராஜபாளையம் வண்டி. சன்னல் சீட்டு.”

இரண்டு பேரும் சேர்ந்து வலையைக் கட்டினோம். மீதி இரண்டு பழம். அக்கா அவற்றைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

“உன் பழத்துல பாதி என் செடிடி,” என்றாள்.

“உங்க பழத்துலயும்தான் பாதி என்னுது. அதுதான் ராஜபாளையம் போயிருச்சே.”

அவள் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டாள். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காதது தொல்லையாகப் போனது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பழத்தை நான் தின்பதாக இருந்தேன். ஒரு வருடம் வளர்த்திருக்கிறேன். கந்தகத்தைக் கையால் கிளறியிருக்கிறேன். கடைசியில் ருசி பார்ப்பது கண்டக்டர் என்றால் என்ன நியாயம்? ஒரு பழம் பஸ்ஸுக்கு, ஒன்று எனக்கு. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

ஆறு நாள். அக்கா தினமும் காலையில் வந்து வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைனாவுக்குக் கல் வைத்திருந்தாள். நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு நடை. அவள் அசையவே இல்லை. அவளுடைய நிழல்கூட மெதுவாகத்தான் நகர்ந்தது.

“உங்களுக்கு எரிச்சலே வராதாக்கா?”

“வரும். வந்து உக்காந்துட்டு, நேரமாச்சுன்னு போயிரும்.”

“பறிக்கணும்னு தோணலையா? நான் உள்ள போயிருந்தப்ப ஒண்ணைப் பறிச்சிருக்கலாம்.”

“நேத்து தோணுச்சு.”

“அப்புறம்?”

“ஒரு நாள் முந்திப் பறிச்சா ஒரு நாளைக்கான புளிப்பு இருக்குமேன்னு விட்டுட்டேன்.”

பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு இரண்டு பழத்தையும் பறித்தேன். தொட்டதும் கையோடு வந்துவிட்டன, இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றைச் சட்டைப் பையில் போட்டேன். மற்றதை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டேன். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். போகும் வழியில் இரண்டு தடவை வாய்வரை கொண்டுபோனேன். அம்மா, “தின்னா தின்னு, தின்னலேன்னா பையில போடு. கையில வச்சு உருட்டாத,” என்றாள்.

தூத்துக்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒன்பதரைக்கு எடுப்பார்கள். அக்கா வழியனுப்ப வந்திருந்தாள். காலில் செருப்பில்லை. கையில் பால் கரண்டி.

“அடுப்புல பால் வச்சிட்டு வந்திருக்கேன். நீ ஏறினதும் ஓடணும்,” என்றாள்.

கண்டக்டர் கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த பழத்தை வைத்தேன். மென்றார். கண் சுருங்கவில்லை. “தூத்துக்குடி ஒண்ணு,” என்று கிழிக்கப் போனார்.

அக்கா படிக்கட்டுக்குக் கீழே கரண்டியோடு நின்றாள், முப்பத்து மூன்று வருடம் எப்படி உட்கார்ந்தாளோ அப்படி. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு பழத்தையும் கண்டக்டர் கையில் வைத்தேன். வைத்த உடனேயே அதை எடுக்கப் போனேன். திருப்பிக் கேட்பதற்குள் அவர் விழுங்கிவிட்டார்.

“ரெண்டா?”

“ரெண்டு. ஏறுங்கக்கா.”

“பால் பொங்கிரும்டி.”

“பொங்கட்டும். ஏறுங்க. சும்மா நின்னுக்கிட்டே இருக்காதீங்க.”

அக்கா கரண்டியைப் பார்த்தாள். அதை அம்மாவிடம் கொடுத்தாள். ஏறினாள். மூன்றாவது சீட்டில், சன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அம்மா பையை உள்ளே தள்ளிவிட்டு, “போனதும் போன் பண்ணு,” என்றாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டினார். கண்டக்டர் விசில் அடித்தார்.

ஊர் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. டிரைவர் சன்னல் வழியே கையை வெளியே நீட்டி, “போலாம், போலாம், ரைட்ல ஒடிச்சு,” என்று ஊருக்கு வழி சொன்னார். முதலில் பூக்கடை போனது, பிறகு விளக்குக் கம்பம், பிறகு அம்மா, கரண்டியோடு, நின்றபடியே. அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கீழத் தெரு போகும்போது பால் தீய்ந்த வாசனை வந்தது. பள்ளிக்கூடம் கடைசியாகப் போனது. முதல் பீரியட் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பருத்திக்காடு, காற்றாலை, எட்டயபுரம். எட்டயபுரம் எங்கள் அருகில் இரண்டு நிமிடம் நின்று ஐந்து பேரை ஏற்றிவிட்டுப் போனது. நான் மணியைப் பார்த்தேன். பத்து நாற்பது. திரும்பவும் பார்த்தேன். பத்து நாற்பது.

பதினொன்று இருபதுக்குத் தூரத்தில் உப்பளம் தெரிந்தது. அதன் பின்னால் கிரேன்கள். அவற்றுக்கும் பின்னால் ஒரு நீலக் கோடு. மொத்தமும் நல்ல வேகத்தில் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அக்கா எழுந்தாள். என் காலைத் தாண்டினாள். படிக்கட்டுக்குப் போனாள்.

“ஊர் நிக்கட்டும்மா,” என்று கண்டக்டர் சத்தம் போட்டார். “நின்ன பிறகு இறங்குங்க.”

அக்கா அதற்குள் இறங்கிவிட்டாள்.